சம்பில் மீடியா எங்கே? வேகமான தண்ணீரிலா, மெதுவான தண்ணீரிலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் தெருவில் புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவன் கொளத்தூரில் இருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் மூன்று லிட்டர் பீங்கான் வளையங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியேற ஃபில்டரில் போடும் இவற்றைத்தான் மீடியா என்கிறோம். சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும், அறை அறையாகத் தடுத்த ஃபில்டர் தொட்டி.

“அண்ணா, இதை சம்புல எந்த அறையில போடறது? ஒரு கடைக்காரர் தண்ணி வேகமா ஓடற இடத்துல போடுங்கறார். பக்கத்துக் கடையில கேட்டா, மெதுவா போற இடத்துலதான் போடணும், அப்பதான் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும்ங்கறார். ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா கடை வச்சிருக்கறவங்க.”

உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டு பதிலில் ஒன்று வரும். நானும் முதல் சில வருடங்கள் ‘மெதுவா’ கட்சியில்தான் இருந்தேன். இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை. வீட்டில் வைக்கும் அளவுத் தொட்டிக்கு வேகமா மெதுவா என்பது பெரிய கேள்வியே இல்லை. அழுக்கு எங்கே தேங்கும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற இரண்டைப் பார்த்துத்தான் மீடியாவுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அவன் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன்.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மேல் இடைவெளி எல்லாம் போக, சம்பில் உள்ளதையும் சேர்த்தால் சுமார் 250 லிட்டர் தண்ணீர். மீன்கள்: இரண்டு க்ளவுன், ஒரு டாம்சல், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். பவளம் இப்போதைக்கு இல்லை. சம்பில் மூன்று அறைகள்: மேலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் குப்பை பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக், அடுத்து காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி ஒரு கோப்பையில் சேர்க்கும் ஸ்கிம்மர், கடைசியில் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். ஸ்கிம்மருக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் குமிழி தடுக்க மூன்று கண்ணாடித் தடுப்புகள்.

“பம்ப் எவ்வளவு தள்ளும்?” என்று கேட்டேன்.

“2000 லிட்டர் அண்ணா, அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கு.”

அது தரையில் வைத்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கு. நான்கடி உயரம் ஏறி, இரண்டு எல்போ திரும்பி வரும்போது என்ன மிஞ்சுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அவன் வீட்டுக்குப் போய் ரிட்டர்ன் குழாய் முனையில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்தோம். 30 வினாடியில் நிறைந்தது. அப்படியென்றால் மணிக்கு 1200 லிட்டர். மொத்தத் தண்ணீர் மணிக்கு ஏறக்குறைய ஐந்து முறை சம்ப் வழியாகப் போய் வருகிறது. சம்புக்கு இது தாராளம். தொட்டிக்குள் வேண்டிய அலையையும் சுழலையும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும்.

பாக்டீரியாவுக்கு நேரம் போதாது என்பது பற்றி

மீன் செவுள் வழியாக விடும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்குகிறது. நாம் எல்லாவற்றையும் ‘நல்ல பாக்டீரியா’ என்று சொல்லிவிடுகிறோம். முதல் வேலையில் பாக்டீரியா மட்டும் இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு இனமும் உண்டு. அமோனியாவைத் தின்று வாழும் ஆர்க்கியாவை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்து 2005-ல் அறிவித்தார்கள். அது கிடைத்த இடம் ஆழ்கடல் இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில் இருந்த ஒரு வெப்பமண்டலக் கடல் தொட்டி! நம் டெஸ்ட் கிட் கண்ணுக்கே தெரியாத அளவு அமோனியாவைக் கூட அது விடாமல் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட உயிர்களுக்கு, தண்ணீர் சற்று வேகமாகப் போனால் எட்டிப் பிடிக்க முடியாது என்பது சரியில்லை.

‘நேரம் வேண்டும்’ என்ற வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வடிகட்டியைத் தாண்டிய தண்ணீர் சாக்கடைக்கா போகிறது? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மணிக்கு 400 லிட்டர் மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதி அமோனியா போகிறது. அது 200 லிட்டரை முழுதாகச் சுத்தம் செய்ததற்குச் சமம். மணிக்கு 1200 லிட்டர் வேகமாகப் போகும்போது சுற்றுக்குக் கால்வாசிதான் போகிறது. அப்போதும் 300 லிட்டருக்குச் சமம். ஒரு சுற்றில் குறைவாகப் பிடித்தாலும் ஒரு மணி நேரத்தில் அதிகம் பிடிக்கிறது. அதனால் வேகம் கெடுதல் இல்லை.

சரி, அப்போது மெதுவாகப் போனால் கெடுதலா? அதுவும் இல்லை. இந்தத் தம்பி ஒரு நாளைக்கு இரண்டு கிராம் உலர்தீனி போடுகிறான். அதில் புரதம் 45 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். இரண்டு கிராமில் 144 மில்லிகிராம் நைட்ரஜன். மீனின் உடம்பில் சேர்வது போக சுமார் 100 மில்லிகிராம் அமோனியாவாக வெளியே வரும் என்று வைப்போம். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு 460 மில்லிகிராம். 26 டிகிரியில் கடல்நீர் ஒரு லிட்டரில் ஆறரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 70 லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் தேவை முழுவதும் அடங்கிவிடுகிறது. அவன் பம்ப் அந்த 70 லிட்டரை மூன்றரை நிமிடத்தில் கொண்டுவந்து கொட்டிவிடும். அதில் பாதியைத்தான் பாக்டீரியா எடுக்கும் என்றாலும் ஏழு நிமிடம். அதுவும் 24 மணி நேரத்துக்கான சாப்பாடு!

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவன், “அப்ப எங்க வேணா போடலாமா அண்ணா?” என்றான். அவசரப்படாதே என்றேன். கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த ஆக்சிஜனை வேறு யாரும் குடித்துவிடக் கூடாது.

அழுக்கு தேங்கும் அறை

அமோனியாவைத் தின்னும் கூட்டம் சோம்பேறி. இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். மிச்சத் தீனி, மீன் கழிவு, அழுகிய பாசி ஆகியவற்றைத் தின்னும் சாதாரண பாக்டீரியா மணிக்கணக்கில், சில வகை நிமிடக்கணக்கிலேயே, பெருகிவிடும். ஒரே வளையத்தில் இரண்டும் இடத்துக்குப் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அழுக்குப் படிந்த மீடியாவின் மேல் வழவழவென்று ஒரு படலம் வரும். அதற்கு அடியில் இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி.

அதனால்தான் முதல் அறையில், சாக் இல்லாமல், தண்ணீர் நேராக விழும் இடத்தில் மீடியா போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குழாயில் அடித்துப் புரண்டு விழுவதால் ஆக்சிஜன் நிறைய இருக்கும், அது உண்மை. தொட்டியின் குப்பை முழுவதும் முதலில் வந்து விழுவதும் அங்கேதான். சாக் இருந்து, அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றித் துவைப்பவர் என்றால் முதல் அறை பரவாயில்லை. நான் துவைப்பதில்லை. நீங்களும் ஆறு மாதம் கழித்துத் துவைக்க மாட்டீர்கள்.

ஸ்கிம்மர் அறை இதைவிட மேல். ஸ்கிம்மரில் இருந்து வெளியே வரும் தண்ணீர் காற்றோடு நன்றாகக் கலந்து வருகிறது, அழுக்கிலும் ஒரு பங்கு கோப்பைக்குப் போயிருக்கும். ஸ்கிம்மரை வெளியே எடுத்துக் கழுவும்போதெல்லாம் மீடியா பைகளை நகர்த்த வேண்டும் என்பதுதான் தொல்லை. ரிட்டர்ன் அறை வேண்டவே வேண்டாம். ஆவியாகும் தண்ணீருக்கு ஏற்ப மட்டம் ஏறி இறங்குவது அந்த அறையில்தான். நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் மேல்வரிசை வளையங்கள் காய்ந்து கிடக்கும், பை நழுவிப் பம்பின் வாயை அடைத்தாலும் அடைக்கும்.

மிஞ்சுவது ஸ்கிம்மருக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கண்ணாடித் தடுப்பு. என் ஓட்டு அதற்கு. ஆனால் பையைக் கட்டித் தொப்பென்று போட்டுவிட்டு வந்தால் போதாது.

தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். வலைப்பையில் இறுக்கிக் கட்டிய மூன்று லிட்டர் வளையத்தை நடுவில் போட்டால், தண்ணீர் பையைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர உள்ளே நுழையாது. வெளி வரிசை வளையங்கள் மட்டும் வேலை செய்யும், உள்ளே இருப்பவை பாரம். இதைக் கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் மீன் தீனியை மாவாக நுணுக்கி, ஒரு சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரோடு கலந்து, பைக்கு முன்னால் மெல்ல விடுங்கள். தம்பி வீட்டில் அப்படி விட்டபோது, பழுப்புப் புகை மாதிரி கிளம்பிய தூள் பையைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதியாக நழுவிப் போனது. பைக்குள் ஒரு துளியும் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பையைப் பிரித்தோம். சம்பின் அடியில் இருந்து இரண்டு அங்குலம் உயரத்தில், கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வெட்டிப் பொருத்தினோம். தட்டின் மேல் வளையங்களைக் கொட்டி, தடுப்பின் அகலம் முழுவதும் பரப்பினோம். தண்ணீர் முதல் தடுப்பின் மேல் வழிந்து இறங்கி, இரண்டாவது தடுப்பின் அடியில் நுழைந்து, மீடியா வழியாக மேலே ஏறி வருகிறது. சுற்றிக்கொண்டு போக இடமில்லை. கீழிருந்து மேலாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. கனமான அழுக்கு மீடியாவுக்குள் ஏறாமல் தட்டுக்கு அடியில் உள்ள அந்த இரண்டு அங்குலத்தில் படிந்துவிடும். மாதம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மெல்லிய குழாயை விட்டு அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். மீடியாவைத் தொடவே வேண்டாம்.

மறுபடி தீனித் தூள் விட்டுப் பார்த்தோம். வளையங்களுக்கு இடையில் அங்கங்கே சின்னச் சின்னப் புகையாக எழுந்து வந்தது. அதுதான் வேண்டும்.

கேனிஸ்டர்: என் கதை

சம்ப் வைக்க இடமில்லாதவர்கள் கேனிஸ்டர் பக்கம் போகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றும். மூடிய டப்பா, தண்ணீர் வேறு வழியே இல்லாமல் மீடியா வழியாகத்தான் போக வேண்டும், சத்தம் இல்லை, தரையில் ஒரு துளி சிந்தாது. ‘மீடியாவை எங்கே வைப்பது’ என்ற கேள்விக்குத் தண்ணீர் ஓட்டத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் கேனிஸ்டருக்குத்தான் முதல் பரிசு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் மூன்றடித் தொட்டி கேனிஸ்டரில்தான் ஓடியது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையை அடித்துப் போட்டதே, அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்கு மறுநாள் நள்ளிரவுக்கு மேல்தான் வந்தது. தொட்டியில் பேட்டரி ஏர் பம்ப் போட்டிருந்தேன், மீன்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. லைட் எரிந்த சந்தோஷத்தில், தூக்கக் கலக்கத்தில், எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. இரண்டு க்ளவுனும் கீழே.

டப்பாவுக்குள் அடைபட்ட தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். ஸ்பாஞ்சில் இரண்டு மாத அழுக்கு. ஓட்டம் நின்றதும் அழுக்கைத் தின்னும் கூட்டம் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். அதன்பின் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டத்தின் ராஜ்யம். கடல்நீரில் சல்ஃபேட் ஏராளம், லிட்டருக்கு 2.7 கிராம். அதில் இருந்து அவை ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். நன்னீர்த் தொட்டிக்காரர்களைவிட நமக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதற்குக் காரணம் இந்த சல்ஃபேட்தான். ஒரு நாளுக்கு மேல் ஊறிய அந்தச் சாற்றைத்தான் நான் பம்ப் போட்டுத் தொட்டிக்குள் அடித்திருக்கிறேன்.

கேனிஸ்டரே கூடாது என்று சொல்ல மாட்டேன். கரண்ட் போய் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், வந்ததும் அப்படியே ஓட விடக் கூடாது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய முடியாதவர்கள் கேனிஸ்டரில் மீடியாவை மட்டும் வைத்து, அழுக்குப் பிடிக்க வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. இன்வெர்ட்டரில் ஒரு லைன் இழுத்தால் இன்னும் நிம்மதி. சம்பின் ரிட்டர்ன் பம்பாக இருந்தாலும் கேனிஸ்டராக இருந்தாலும் ஒரு டியூப்லைட் எடுக்கும் அளவு கரண்ட்தான் எடுக்கும்.

திறந்த சம்பில் மீடியா இருந்தால் அதே கரண்ட் கட்டில் என்ன ஆகும்? தண்ணீர் நிற்கும், ஆனால் மேல்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஏர் ஸ்டோனை அதற்குள் இறக்கினால் வேலை முடிந்தது. மூடிய டப்பாவுக்குள் ஏர் ஸ்டோனை எப்படி இறக்குவது?

பழைய பயோபால் கோபுரம்

கரண்ட் கட்டுக்கு எல்லாவற்றையும்விட உறுதியானது இன்று பலரும் கேலி செய்யும் டிரிக்கிள் ஃபில்டர்தான். துளைத் தட்டில் இருந்து தண்ணீர் மழை மாதிரி சொட்ட, கீழே பயோபால் என்ற பிளாஸ்டிக் பந்துகள் நனைந்துகொண்டே காற்றில் இருக்கும். தண்ணீர் நின்றாலும் பந்துகள் ஈரத்தோடு காற்றில்தான் இருக்கின்றன, பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டாது. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதிய தொடர்தான் இதை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் பத்து வருடம் அமெரிக்காவில் பயோபால் இல்லாத உப்புநீர்த் தொட்டியைப் பார்ப்பது கஷ்டம்.

பிறகு அதற்கு ‘நைட்ரேட் தொழிற்சாலை’ என்று பெயர் வந்தது. இந்தப் பட்டத்தில் பாதி அநியாயம். தம்பியின் கணக்குக்கே வருவோம். நாளைக்கு 100 மில்லிகிராம் நைட்ரஜன், 250 லிட்டரில். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் நாளுக்கு 1.8 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), வாரத்துக்கு 12 பிபிஎம்மை ஒட்டி வரும். அந்த அமோனியாவைப் பயோபால் தின்றாலும், பீங்கான் தின்றாலும், கல் தின்றாலும் நைட்ரேட் இவ்வளவுதான். பந்து ஒன்றும் கூடுதலாக உற்பத்தி செய்வதில்லை. மீதிப் பாதி நியாயம்தான். கல்லில் நடந்தால், உருவான நைட்ரேட்டில் ஒரு பங்கு கல்லின் உள்ளே ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குப் போய் வாயுவாக மாறிவிடும். பந்தில் அப்படி உள்பகுதியே கிடையாது. சாக் இல்லாத கோபுரத்தில் பந்துகளுக்கு இடையில் குப்பை சிக்கி அழுகுவது இன்னொரு காரணம்.

லயன்ஃபிஷ், டிரிகர், கடல் விலாங்கு மாதிரி நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் வைத்திருப்பவருக்கு டிரிக்கிள் இன்றும் நல்ல வழி. பவளம் வளர்ப்பவருக்குத் தேவையில்லை. சென்னை மே மாதத்தில் இதற்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் சேர்ந்தே வரும். ஆவியாவதால் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி குளிரும், அதே ஆவியால் உப்பு மட்டம் ஏறிக்கொண்டே போகும். தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றச் சோம்பல்படுகிறவர் இதைத் தொட வேண்டாம். மூடி ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே ரகத்தில் இன்னொன்று, கே1 என்ற சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்களைக் காற்றடித்துப் புரட்டிக்கொண்டே இருக்கும் முறை. நார்வேயில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவானது, மீன் குஞ்சு பொரிப்பகங்களில் இன்று நிறையப் பயன்படுகிறது. சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதால் அழுக்குப் படலம் தங்காது, சுத்தம் செய்யும் வேலை இல்லை. ஹாலில் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொதிக்கும் குழம்பு மாதிரி அந்தச் சத்தம் பிடிக்குமா என்பதைப் பொறுத்தது.

மீடியாவே வேண்டாம் என்பவர்கள்

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1950-களிலேயே, கடலில் இருந்து உயிரோடு எடுத்த கற்களையும் ஒரு ஏர் பம்பையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தினார். பின்னால் ஜெர்மனிக்காரர்கள் அதோடு ஸ்கிம்மரைச் சேர்த்து பெர்லின் முறை என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் பவளத் தொட்டிகளில் முக்கால்வாசி வேலையைச் செய்வது கல்தான். கல்லே மீடியா, தொட்டியே ஃபில்டர் அறை, வேவ்மேக்கரே பம்ப்.

நம் ஊரில் லைவ் ராக் என்று யாராவது மண்டபம், தூத்துக்குடிப் பக்கத்துப் பவளக் கல்லை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன, புலி இருக்கும் அதே அட்டவணை. செத்துக் காய்ந்த பவளத் துண்டுக்கும் வழக்கு உண்டு. மன்னார் வளைகுடாத் திட்டுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியே அழித்த வரலாறு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, தொட்டிக்காகவும் வேண்டாம். செயற்கையாக வார்த்த காய்ந்த கல் போதும். பாக்டீரியா குடியேற ஒன்றரை இரண்டு மாதம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

தண்ணீர் ஓட்டம் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இதுதான். சம்புக்கு மணிக்கு ஐந்து சுற்று தாராளம் என்றேன். தொட்டிக்குள் கல்லை நம்பினால் இருபது முதல் நாற்பது சுற்று வேண்டும். கல்லைத் தொட்டுக்கொண்டு ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நகராமல் நிற்கும். அது தடிமனாக இருந்தால் அமோனியாவும் ஆக்சிஜனும் உள்ளே போவது தாமதமாகும். அலை அதைத் தேய்த்து மெல்லியதாக்குகிறது. அதோடு கல்லுக்குப் பின்னால் குப்பை சேரவிடாது.

நம் ஆட்கள் கல்லைப் பின்கண்ணாடியில் சாய்த்து மதில் மாதிரி அடுக்குவார்கள். பார்க்க அழகுதான். மதிலுக்குப் பின்னால் தண்ணீர் அசையாது. மூன்றே பெரிய கற்களை இரண்டு திட்டாக, பின்கண்ணாடியில் இருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால், அதே எடைக் கல் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்பது என் அனுபவம். வாரம் ஒருமுறை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் கல்லின் பொந்துகளில் பீய்ச்சிப் பாருங்கள். எங்கிருந்து அதிகம் குப்பை கிளம்புகிறதோ, அந்தப் பக்கம் வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

மெதுவா கட்சிக்கு ஓர் இடம்

அந்த இரண்டாவது கடைக்காரர் முழுக்கத் தவறில்லை. நைட்ரேட்டைக் குறைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. நான்கு அங்குலம் தடித்த பீங்கான் கட்டி, ஆழமான மணல் படுகை ஆகியவற்றின் உள்ளே அப்படி ஓர் இடம் உருவாகும். அவற்றுக்கு மெதுவான தண்ணீர் நல்லது. தம்பி வாங்கி வந்தது விரல் நுனி அளவு வளையம். பெட்டியில் ‘நைட்ரேட்டையும் நீக்கும்’ என்று போட்டிருந்தது. சுவரே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், அதற்குள் அந்த வேலை பெரிதாக நடக்கும் என்று நான் நம்பவில்லை.

அதே பெட்டியில் லிட்டருக்கு இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு என்றும் பெருமை அடித்திருந்தது. பாக்டீரியா ஒன்றின் அளவு சுமார் ஒரு மைக்ரான். அதைவிடச் சின்னத் துளைகளின் பரப்பையும் கூட்டித்தான் இந்த எண் வருகிறது. ஆள் நுழைய முடியாத அறைக்கு வாடகை கேட்பது மாதிரி. சிபோராக்ஸ் மாதிரி நுரைத்த கண்ணாடியோ, மேட்ரிக்ஸ் மாதிரி எரிமலைக் கல்லோ, உள்ளூர்ப் பீங்கானோ, எதுவானாலும் இரண்டு கிராம் தீனிக்கு ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். விலை உயர்ந்த மீடியாவைத் தவறான அறையில் வைப்பதைவிட மலிவானதைச் சரியான அறையில் வைத்து, மிஞ்சிய காசில் பேட்டரி ஏர் பம்ப் வாங்கலாம்.

இன்னொன்று, எங்கே வைத்தாலும், அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் இந்த வேலை கேஎச்-ஐ, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் கார இருப்பைத் தின்னும். அவன் தொட்டிக் கணக்குப்படி வாரத்துக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். பவளமே இல்லாத தொட்டியில் கேஎச் ஏன் இறங்குகிறது என்று குழம்புகிறவர்கள் தண்ணீர் மாற்றத் தவறுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே ஓடும் தொட்டியில் மீடியாவை இடம் மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் செய்யாதீர்கள். வாரம் கால்வாசியாக எடுத்துப் புதிய அறைக்குக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு முறையும் மறுநாள் அமோனியா பாருங்கள். எக்காரணம் கொண்டும் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் எல்லாவற்றையும் காலி செய்துவிடும்.

தம்பியின் மூன்று லிட்டரில் தட்டின் மேல் பரப்பியது இரண்டு லிட்டர். மீதி ஒரு லிட்டரைத் தளர்வாக ஒரு வலைப்பையில் போட்டு ஸ்கிம்மர் அறையின் ஓரத்தில் தொங்கவிடச் சொன்னேன். “அங்க ஸ்கிம்மர் கழுவறப்ப தொல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். இது ஃபில்டருக்காக இல்லை. இரண்டு மாதம் ஊறட்டும். புது மீன் வாங்கி வரும் அன்று, தனியாக வைக்கும் சின்னத் தொட்டிக்குள் அந்தப் பையை அப்படியே தூக்கிப் போட்டால் முதல் நாளே ஃபில்டர் தயார். அந்தத் தொட்டியில் தாமிர மருந்து போட்டால் மட்டும் அந்தப் பை திரும்ப சம்புக்கு வரக் கூடாது. துளைகளில் தாமிரம் ஏறியிருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு பையை ஊறப்போடச் சொன்னேன்.